கழிவுப் பட்டை

குதிரை மோத்தி எழுந்திருக்கப் பார்த்தது. முன்கால் மடங்க, பரப்பியிருந்த பட்டையின் மேலேயே மறுபடி சரிந்தது.

சவாரி வட்டத்தின் திருப்பத்தில் வழுக்கிவிட்டது. மேலே உட்கார்ந்திருந்த பட்டாபிராமனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. குதிரைக்குக் கால் எலும்பே முறிந்துவிட்டது. மிருக வைத்தியர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, பெண்டுகள் உள்ளே போகலாம் என்றார்.

பட்டாபிராமனின் மகள் கனகலக்ஷ்மி போகவில்லை.

பட்டை போடச் சொன்னவளே அவள்தான். மைசூர்ச் செம்மண் வெயிலில் கல்லாக இறுகிக் குளம்பைப் பிளந்தது. ஆற்று மணலில் கால் புதைந்தது. தோல் பதனிட்டுக் கழித்த ஆவாரம்பட்டையைக் காயவைத்துப் பரப்பினால் மெத்தை மாதிரி இருக்கும் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள்.

தோல் ஊறின பட்டை வீட்டுக்குள் வருவதாவது என்று அம்மா சாணித் தண்ணீரோடு வந்தாள். நனைந்தால் வழுக்கும் என்று மகள் குறுக்கே நின்றாள். அவளுக்குக் கோபம் அதனால் மட்டுமல்ல. பி.ஏ. படித்தவள் இருக்கிற வீட்டில் தீட்டு என்ன தீட்டு என்று கத்தினாள். தோல் பதனிடும் கொட்டகையிலிருந்து பட்டை கொண்டுவந்த லிங்கப்பன் எதிரிலேயே ஒரு கை அள்ளிக் காட்டினாள். அவன் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்று அவனை ஆள் விட்டுக் கூட்டிவந்து வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

"ஈரப் பட்டையைக் கொண்டுவந்து கொட்டிட்டு நிக்கறான் பார். உன் முதலாளிகிட்டச் சொல்லி, நாளைக்கே உன்னைக் கொட்டகையை விட்டுத் துரத்தலேன்னா பாருடா," என்றார் பட்டாபிராமன்.

"காஞ்ச பட்டைதானுங்க சாமி. சின்னம்மா கையில அள்ளிப் பாத்தாங்களே, அவிங்களயே கேளுங்க."

எல்லோரும் கனகலக்ஷ்மியைப் பார்த்தார்கள். லிங்கப்பன் முகத்தில் பயமே இல்லை.

"என்னைப் பாக்காதீங்கோ," என்றாள் அம்மா, கணவர் தன் பக்கம் திரும்பியதும். "நான் ஒரு சொட்டுத் தெளிக்கலை. இவ விட்டாத்தானே."

காய்ந்துதான் இருந்தது. அவ்வளவு சொன்னால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான். அப்புறம் எப்படி நனைந்தது என்று கேட்பார்கள்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லேப்பா," என்றாள் கனகலக்ஷ்மி.

லிங்கப்பன் மெதுவாகத் தலையை ஆட்டினான். அவள் மறந்துதான் போயிருப்பாள் என்று அவனே நம்பிவிட்டதுபோல் இருந்தது.

அன்று பட்டையை அள்ளிய கையை அவள் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள். அந்தக் கையால் பிசைந்த சோறு தொண்டையில் இறங்கவில்லை. இன்று வீடு எழுவதற்குள் அவளே கிணற்றடியில் சாணி கரைத்து, குடம் குடமாகக் கொண்டுபோய், வட்டம் முழுக்க ஊற்றிவிட்டு வந்தாள்.

வந்த பிறகுதான் அவளால் காப்பி குடிக்க முடிந்தது.