விட்டுப்போன கோடு

இயற்கணிதம் தேறாமல் பத்தாம் வகுப்பு வடிவியலைத் தொட முடியாது, ஜூனில் டெஸ்ட் வைப்பேன் என்றிருந்தார் கணக்கு சார். தேறாவிட்டால் பனியன் கம்பெனிதான் என்றிருந்தார் அப்பா. மே மாதம் முழுக்கக் கோகிலவாணி போட்ட கணக்கெல்லாம் விடையோடு ஒத்துவராமல் முரண்டுபிடித்தன. கம்பெனியில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடிக்கிற வேலை அம்மாவுக்கு. எழுத்துத் தெரியாது. ஒருநாள் மகளின் நோட்டின் மேல் நகத்தை ஓட்டினாள்.

"மேல இதுக்கு முன்னால ஒரு கோடு கெடக்குது. கீழ காணோமே, அம்மிணி?"

"சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனா குறி மாறும்மா. தெரியாம பேசாத."

"எங்க போச்சு? இதே பக்கத்துலதான நிக்குது!"

கழித்தல் குறி. பக்கத்துக்குப் பக்கம் அதையேதான் விட்டிருந்தாள் கோகிலவாணி. வெட்கம் பிடுங்கித் தின்றது. பெற்ற அம்மாவிடம் போய் யார் நன்றி சொல்வது? நோட்டை அப்படியே அம்மாவின் மடியில் வைத்தாள்.

"எல்லாத்தையும் பாரும்மா."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினாள்.