ஷூ டப்பாவுக்குள் பச்சை விளக்கு

சித்தாளின் பத்தாவது விரலையும் ரேகை மெஷின் ஏற்கவில்லை. மறுபடியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

கடன் கம்பெனி ஆபீசர் லேசில் விடுகிற ஆளில்லை. ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார், க்ரீம் தடவச் சொன்னார். விரல் நுனியில் இருக்கிற மேட்டையும் பள்ளத்தையும் வைத்துத்தான் மெஷின் ரேகையைப் பதிந்துகொண்டு, அடுத்த முறை ஆளைக் கண்டுபிடிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். பதினாறு வருஷம் சிமென்ட் குழைத்த விரலில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

அவர் தலைக்கு மேல் ‘உழைக்கும் பெண்களுக்கான கடன்’ என்று பேனர் தொங்கியது. தலைமை ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டார். பத்து நாள் எந்த வேலையும் செய்யாமல் இருந்தால் ரேகை தானே வளர்ந்துவிடும் என்றார்கள்.

“பத்து நாள் உக்காந்து சாப்பிட வசதி இருந்தா நான் ஏன் சார் இங்க வரேன்?” என்றாள் சித்தாள்.

சிமென்ட் கல் வார்க்கும் அச்சு ஒன்று வாங்க வேண்டும் என்பது அவள் கனவு. குழுவில் ஐந்து பெண்கள். ஐந்து பேரும் ரேகை வைத்தால்தான் ஐந்து பேருக்கும் கடன். நாளையோடு ரேகைப் பதிவு முடிகிறது.

“உன் ஒருத்தி கையால எங்க நாலு பேர் வாயிலயும் மண்ணா?” என்று கேட்டுவிட்டுப் போனாள் குழுத் தலைவி.

ஆபீசர் மெஷினோடு வந்த கையேட்டை வரிவரியாகப் படித்தார். விரல் வைக்கும் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் மெஷின் குழம்பும் என்று ஒரு வரி இருந்தது. ஒரு ஷூ டப்பாவை எடுத்து மெஷினுக்கு மேல் கவிழ்த்தார். மெம்பர் பக்கம் கை நுழைய ஓர் ஓட்டை. தன் பக்கம் விளக்கு மட்டும் தெரிய ஒரு சின்ன ஓட்டை.

மறுநாள் சித்தாள் புருஷனோடு வந்தாள். நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்துவதைத் தவிர வேறு வேலை அறியாதவர். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர் ‘துரை’. பெஞ்சில் அவளை ஒட்டியே உட்கார்ந்துகொண்டார்.

டப்பாவுக்குள் பச்சை விளக்கு எரிந்தது.

ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. படம் வரைந்து, அளவு குறித்து, தலைமை ஆபீசுக்கு அனுப்பினார். எல்லாக் கிளைக்கும் டப்பா போனது. மெம்பர்களோடு கணவர்களும் வருவது அதிகரித்து, குடும்ப ஒற்றுமை வளர்ந்திருப்பதாக ஆண்டறிக்கையில் போட்டோவோடு ஒரு பத்தி வந்தது.

ஒரு வருஷம் கழித்து, இரண்டாவது அச்சுக்குக் கடன் கேட்டு சித்தாள் வந்தாள். ஆர்டர் குவிகிறதாம், ஒற்றை அச்சால் முடியவில்லையாம். ஒட்டி உட்கார்ந்திருந்த துரையின் சட்டைக் காலரில் சிமென்ட் படிந்திருந்தது.

டப்பாவுக்குள் சிவப்பு எரிந்தது. மறுபடியும் சிவப்பு.

ஆபீசர் டப்பாவைத் தட்டிப் பார்த்தார். எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று சொல்லி, மூலைக்கு மூலை டேப் ஒட்டினார். மூன்றாவது முறையும் சிவப்பு எரிந்ததும் சித்தாள் பெருமூச்சு விட்டாள்.

“டப்பாவ விடுங்க சார். இவரும் வேலை செய்ய ஆரம்பிச்சதுல, இவரு விரலும் தேஞ்சுபோச்சு.”