விரிசல் விடும் வில்லை

காலையில் பல் தேய்த்து, காபி போட்டு, என் மனைவி ஜெனிட்டாவின் மடிக்கணினியைத் திறப்பேன். பீங்கான் பற்றிய அவளுடைய ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அவள் உயிரோடு இருந்தபோது அசையாத எண் இப்போது வாரந்தோறும் ஏறுகிறது. மூடிவிட்டு, கொஞ்சம் நடந்து, மறுபடி திறப்பேன்.

இன்று பிரேசிலிலிருந்து ஒரு மாணவன், விஷயம் தெரியாமல், அவளுக்கே மின்னஞ்சல் எழுதியிருந்தான். கட்டுரையில் உள்ளபடியே உலையில் சுட்டும் பீங்கான் வில்லைகள் விரிசல் விடுகின்றனவாம். எதை விட்டுவிட்டேன் என்று கேட்டிருந்தான்.

அவளோடு ஆய்வகத்தில் இருந்த பர்வீனை அழைத்தேன்.

“எனக்கும் விரிசல்தாண்ணா வருது. பதில் போகலன்னா ஜெனி செஞ்சதே தப்புன்னு எழுதிருவான். மேற்கோள் எண்ணிக்கை என்னவோ அதுக்கும் ஏறும்.”

“நான் பேங்க்காரன், பர்வீன். எனக்கென்ன தெரியும்?”

“லேப் பத்தி வீட்ல பேசாம இருந்திருப்பாளா? கடைசியா என்னதான் சொன்னா?”

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துச் சொன்னாள்:

“ஃபர்னஸ் ரெண்டு நாள் மூடியே கிடக்கட்டும்ங்க, தானா ஆறணும். பர்வீன் பொறுக்கமாட்டா, திறந்துருவா. சொல்லி வைங்க.”