பள்ளம் தெரியாத வண்டி

தணிகாசலமும் கனகவல்லியும் வீட்டுக்குள் பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம். காரணம் கேட்டால் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆனால் காரில் ஏறிவிட்டால் சங்கதியே வேறு. ஏரிக்கரைச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர், "புடிச்சுக்கோ" என்பார். அவள், "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று திட்டிக்கொண்டே அவர் தோளை இறுகப் பற்றுவாள். மாதம் இரண்டு தடவை, மூட்டுவலி டாக்டரிடம் போய்வரும் வழியில்தான் அவர்கள் குடித்தனம் நடந்தது.

இப்போது மருமகன் புதுக் கார் வாங்கிக் கொடுத்துவிட்டான். ரோட்டைப் பார்த்துச் சக்கரமே ஏறி இறங்கிக்கொள்ளுமாம். உள்ளே டம்ளர் காபிகூடத் தளும்பாதாம். முதல் தடவையே கனகவல்லி தூங்கிக்கொண்டு போய், தூங்கிக்கொண்டு வந்தாள்.

மனுஷன் விடுவாரா? அடுத்த தடவை கல்குவாரிப் பாதையில் வண்டியைத் திருப்பினார். லாரியே திணறும் பள்ளம் ஒன்று எதிரில் வந்தது.

"புடிச்சுக்கோ, வல்லி!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"வண்டி பாத்துக்கும்."

வண்டி பார்த்துக்கொண்டது. அவள் பக்கமாகச் சாய்த்திருந்த இடது தோளை மட்டும், அடுத்த மூன்று பள்ளம் தாண்டியும் அவர் நிமிர்த்தவில்லை.