இரண்டாவது பீரோ

ஆலை ஊழியர்களின் நோய், புகார், தண்டனை விவரங்களைப் பொதுக் கோப்புகளோடு வைக்காமல், உறைகளில் போட்டு ஒட்டி, இரண்டாவது பீரோவில் பூட்டி வைத்திருந்தார் கோமதிநாயகம். சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும்.

தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு அந்த ஆலையில்தான் வேலை என்பதால், கோமதிநாயகத்தின் அக்கா பிரமு நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

“ஏல, தாய்மாமன் நீ. பையனுக்கு அந்தப் பீரோவுல உறை இருக்கா? அத மட்டும் சொல்லு.”

“இருக்கு.”

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று.

“எல்லாருக்கும் இருக்கு. குத்தமில்லாதவனுக்கும் வெத்துத் தாளப் போட்டு ஒட்டியிருக்கேன். வெளியே பாத்தா வித்தியாசம் தெரியக்கூடாதுல்லா?”

“நம்ம பிள்ள வாழ்க்கைல்லா இது. பையனோடது வெத்துத் தாளா?”

“அவன்ட்டயே கேளு.”

“கூடப்பொறந்தவகிட்டயே மறைக்கியே!”

“என் உறையும் அங்கதான் இருக்கு, அக்கா” என்றார், நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

அதுவரை சாவியையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.