மூன்று இழுப்பு

ததேயுவின் சட்டையில் பேட்ஜை அவன்தான் குத்த வேண்டும்.

கடற்படை முக்குளிப்பவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். பரீட்சையன்று ஒரே கயிற்றில் கூட முங்கியவன் குத்திவிட வேண்டும். பிறகு, பேட்ஜ் வாங்கியவன் உடுப்போடு படகுத்துறையிலிருந்து கடலில் குதிக்க வேண்டும்.

“குத்துலே மக்கா. இன்னும் என்ன யோசனை?” என்று சிரித்தான் ததேயு.

பேட்ஜ் என்பது பித்தளையில் ஒரு முக்குளிப்புத் தலைக்கவசம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

மூன்று வருஷமாக அவன் முங்கியது இதற்குத்தான். மூன்று பரீட்சையிலும் தேறவில்லை; நாலாவது தடவை கிடையாது. நாளைக்குப் பழையபடி கப்பலில் துரு சுரண்டப் போக வேண்டும்.

கடலடிச் சேற்றுக்குள் போட்ட ஷேக்கிளை, சங்கிலி மாட்டும் இரும்பு வளையத்தை, தடவி எடுப்பது பரீட்சை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. கையில் அதோடு மேலே வருகிறவனுக்கு மட்டும்தான் தேர்ச்சி.

அவன் விரலில்தான் அது தட்டுப்பட்டது.

அந்நேரம் கயிறு மூன்று முறை இழுபட்டது. மூன்று இழுப்பு என்றால், பக்கத்தில் வா.

போனான்.

ததேயுவின் முகமூடிக்குள் தண்ணீர். காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். முகமூடியைச் சரிசெய்ய, போனவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஷேக்கிளை ததேயுவின் கையில் திணித்தான்.

மேலே வந்தபோதும் அது ததேயுவின் கையில்தான் இருந்தது. பயிற்சி மாஸ்டர் ததேயுவின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ததேயு, தானே எடுத்ததுபோல் அதை மாஸ்டரிடம் நீட்டினான்.

பேட்ஜுக்குப் பின்னால் இரண்டு ஊசி. கழன்றுவிடாமல் இருக்க ஊசிக்கு ஒரு மூடி.

அவன் ஊசிகளைத் துணியில் ஏற்றினான். மூடிகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ததேயு குதித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

தலை மேலே வந்தது. கை நெஞ்சைத் தடவியது. திரும்பவும் தடவியது. பேட்ஜ் இல்லை.

மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இருட்டுல ஷேக்கிளையே எடுத்த ஆளு நீ. இது ஒரு காரியமாலே? எடுத்துட்டு ஏறு. ஏ, கயிற பேட்ஜ் குத்துனவன்ட்டயே குடுங்க.”

முகமூடியை மாட்டிக்கொண்டு ததேயு இறங்கினான். கயிற்றின் மறுமுனை துறையில், பேட்ஜ் குத்தியவன் கையில்.

குமிழிகள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன.

கயிறு மூன்று முறை இழுபட்டது.

அவன் பையைத் தொட்டுப் பார்த்தான். மூடி இரண்டும் இருந்தன.

மறுபடியும் மூன்று.

“என்னவாம்லே?” என்றார் மாஸ்டர்.

“தேடுறான் மாஸ்டர்.”