டாக்டரம்மாவின் மலிவு பேஸ்

"இதையா வாங்கப் போறே? இது கிட்டாரா, இல்ல கிட்டார் மாதிரி அறுத்த பலகையா?"

கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டார் மாஸ்டர். வார நாட்களில் அவர் கார் ஷோரூமில் விற்பனையாளர். சனி, ஞாயிறுகளில் நாலு பேர் கொண்ட இசைக்குழுவுக்குத் தலைவர், பாடகர், கிட்டார்காரர், எல்லாம். அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் அவருடைய மனைவி. பல் டாக்டர் என்பதால் குழுவில் எல்லோருக்கும் டாக்டரம்மா.

டாக்டரம்மா சுவரின் கடைசி வரிசையில் தூசியோடு தொங்கிய கறுப்பு பேஸைக் காட்டி, "அதை இறக்குங்க" என்றார்.

"மேடம், அது கத்துக்குட்டிங்க வாங்குறது" என்றார் கடைக்காரர். "சார், நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா கேக்குற ஆளா? வீட்டுல ஒண்ணு இருக்கு. அந்த விலைக்கு இதுல பத்து வாங்கலாம். நானே பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது."

"பத்து மடங்கு விலைதான். ஆனா கச்சேரி ஹால்ல உக்காந்திருந்த என் தங்கச்சி, 'அக்கா, நீ வாசிச்சியா, சும்மா நின்னியா?'ன்னு கேக்குறா."

"பேஸ்னா அப்படித்தாம்மா. காதுல கேக்கக் கூடாது, நெஞ்சுல உணரணும்."

"என் தங்கச்சிக்கு நெஞ்சும் இருக்குங்க."

கடைக்காரர் இருமலை வரவழைத்துக்கொண்டு பேஸை நீட்டினார்.

டாக்டரம்மா அதைத் துப்பாக்கி மாதிரிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். அளவுகோல் மாதிரி நேராக இருந்தது. கழுத்தின் ஓரமாக விரலை வைத்து மெதுவாக இழுத்தார். மலிவு கிட்டார்களில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனை நீட்டிக்கொண்டு விரலைக் கிழிக்கும். இதில் ஒரு முனைகூட உறுத்தவில்லை.

"ஈறு நல்லா இருக்கு" என்றார்.

"அப்படியே ஆன்னு வாயைத் திறக்கச் சொல்லு" என்றார் மாஸ்டர்.

நாலு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டிக்கொண்டே போனார் டாக்டரம்மா. மாஸ்டர் மூன்று தடவை கொட்டாவி விட்டார். ஒரே ஒரு இடத்தில் கம்பி கரகரத்தது. கடைக்காரரிடம் சின்னச் சாவி வாங்கி, அடியில் கம்பியைத் தாங்கும் திருகை அரைச் சுற்று ஏற்றினார். கரகரப்பு நின்றது. சுருதி சேர்த்து, கம்பிகளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டு மறுபடி மீட்டினார். சுருதி இம்மிகூட இறங்கவில்லை. கடைசியாக ஆம்ப்ளிஃபயரில் செருகி, சத்தத்தை முழுசாக வைத்துவிட்டுக் கையை எடுத்தார். இரைச்சல் இல்லை. ஒரே ஒரு தட்டு தட்டினார். கடையின் கண்ணாடிக் கதவு கிடுகிடுத்தது.

"நாலு வருஷமா இதை விக்கிறேன். உள்ளே இப்படி ஒரு சரக்கு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா விலையை ஏத்தியிருப்பேனே!" என்றார் கடைக்காரர்.

"பெயிண்ட் சுமார்தான். கம்பி மட்டும் புதுசு போட்டுடுங்க. வேற குறை எதுவும் இல்லை."

"ஸ்டேஜ்ல இதை மாட்டிக்கிட்டு நின்னா என் மானம் கப்பலேறிடும்" என்றார் மாஸ்டர். "வீட்டுல இருக்கறதுக்கு என்ன கேடு?"

"அது நீங்க பார்த்து வாங்கினது. இது நான் பார்த்து வாங்குறது."

"இதுலயும் ஹாலுக்குக் கேக்கலைன்னா?"

"நஷ்டம் பத்துல ஒரு பங்குதானே?"

சனிக்கிழமை மத்தியானம், ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. மேடையில் அவரவர் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அவரவர் வாசிப்பது அதில் அவரவருக்குக் கேட்டுவிடும். ஹாலுக்குப் போகிற சத்தம் மட்டும், கடைசி வரிசைக்குப் பின்னால் பட்டன்களோடு உட்கார்ந்திருந்த மிக்ஸர் அண்ணன் கையில்.

மாஸ்டர் மினுமினுக்கும் சட்டையில் முன்னால் நின்று பாடிக்கொண்டே வாசித்தார். டாக்டரம்மா வழக்கம்போல அவர் முதுகுக்குப் பின்னால்.

முதல் பாட்டின் பாதியிலேயே முன்வரிசை மேஜையில் தண்ணீர் பாட்டில்கள் நடுங்க ஆரம்பித்தன. தூங்குவதற்கென்றே வந்திருந்த டைரக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து காலால் தாளம் போட்டார். மூன்றாவது பாட்டுக்குக் கணக்குப் பிரிவே எழுந்து ஆடியது.

கச்சேரி முடிந்ததும் மேனேஜர் மேடைக்கு ஓடி வந்தார். மாஸ்டர் கையை நீட்டினார். மேனேஜர் அதைத் தாண்டிப் போய் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மூணு வருஷமா உங்க குழுவைத்தான் கூப்பிடுறோம் மேடம். இன்னிக்குத்தான் பாட்டுக்கு உடம்பு வந்த மாதிரி இருக்கு! புது பேஸா? விலை எக்கச்சக்கமா?"

டாக்டரம்மா விலையைச் சொன்னார். மேனேஜர் நம்பாமல் சிரித்தார்.

நீட்டிய கையால் பிடரியைச் சொறிந்துகொண்ட மாஸ்டர், விறுவிறுவென்று ஹாலின் கடைசிக்குப் போனார்.

"அண்ணே, யாரைக் கேட்டு அவ லைனைத் திறந்தீங்க? முதல் கச்சேரியில தாளம் தப்பினதுலேருந்து ஆறு வருஷமா மூடித்தானே வெச்சிருக்கோம்!"

"போன மாசம் டாக்டரம்மாகிட்ட கடைவாய்ப் பல்லு பிடுங்கப் போனேன் மாஸ்டர்" என்றார் மிக்ஸர் அண்ணன், ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "மரத்துப்போற ஊசி போடறதுக்கு முன்னாடியே குறடைக் கையில எடுத்துக்கிட்டு, 'ஹாலுக்கு என் சத்தம் ஏன் வரலை?'ன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"அடப்பாவி! அதுக்காகத் திறந்துவிட்டுட்டீங்களா?"

"திறந்தது மட்டுமில்ல. இன்னிக்கு உங்க கிட்டார் லைனை மூடி வைக்கச் சொன்னாங்க, மூடிட்டேன். இந்த நிமிஷம் வரைக்கும் ஒருத்தரும் வந்து கேக்கலை."